நீர்யானை முன்னால் பெண் பார்த்த கதை

சேலையூர்,
9-5-2006

அன்புள்ள மச்சான் ஜெர்சனுக்கு,

அத்தான் சத்தியநாதன் எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் நீயும் பிள்ளைகளும் சுகம் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உன் அக்கா அமலராணி என்னோடு பேசி மூன்று நாள் ஆகிறது.

விஷயம் ஜெரூஷா கல்யாணம். பம்மல் யேசுதாசன் வீட்டு வரன் போயே போச்சு, என்னால்தான் போச்சு. இதற்கு முன் நாலு பேர் வீட்டுக்கு வந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் பதிலே சொல்லாததால், இந்தத் தடவை காலனி வாயில் விழ வேண்டாம், ஜூவில் தற்செயலாகச் சந்திப்பது மாதிரி பார்த்துக்கொள்ளலாம் என்றாள் உன் அக்கா. முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவன் சும்மா இருப்பேனா? நிழலான இடம் என்று எல்லோரையும் நீர்யானைக் குளத்துக்குக் கூட்டிப்போனேன். பகலெல்லாம் தண்ணீரில் கிடக்கும், இருட்டினால்தான் புல் மேயும், தண்ணீருக்குள்ளும் அது நீந்துவதில்லை, தரையில் நடக்கிறது என்று அழகாகத்தான் ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து அது வாயைப் பிளந்தது. "பாவம், தூக்கம் வருது போல" என்று யேசுதாசனும் ஒரு கொட்டாவி விட்டார். "தூக்கமில்ல சார், ஆண் நீர்யானை கொட்டாவி விட்டா, சண்டைக்கு வான்னு அர்த்தம்" என்றேன். மனுஷன் பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார்.

அதோடு விட்டதா? பேச்சைத் தொடங்குமுன் ஜெபம் பண்ணலாம் என்றார் அவர். நம் வழக்கம்தானே, எல்லோரும் தலைகுனிந்து கண்ணை மூடினோம். அவர் ஜெபமோ ஆதாம் ஏவாளில் கிளம்பிப் பொறுமையாக வந்துகொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஒரே ஒரு கண்ணைத்தான் திறந்தேன். நீர்யானை கரையேறி, எங்களுக்கு முதுகைக் காட்டி, வாலைத் தூக்கியபடி நின்றது. சாணியை வாலால் விசிறியடித்து எல்லை குறிப்பது அதன் பழக்கம், எத்தனை வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன்! கத்தியிருக்கலாம். கத்தினால், ஜெபத்தில் கண்ணைத் திறந்திருந்தது தெரிந்துவிடுமே! சம்பந்தி ஆகப்போகிறவர் முன்னால் அந்த மானக்கேடு வேண்டாம் என்று, ஆமென் சீக்கிரம் வர வேண்டும் என நானும் ஜெபித்தேன். வால் முந்திக்கொண்டது. யேசுதாசன் சம்சாரத்தின் பட்டுப்புடவை முழுக்கச் சாணி. "கோபமில்லம்மா, எல்லை குறிக்குது" என்றேன். "அதுக்கு என் பொடவதான் கெடச்சுதா சார்?" என்று அந்த அம்மா போட்ட சத்தத்தில் நீர்யானையே தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. பையனை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஜெரூஷா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை மச்சான், அதுதான் தாங்கவில்லை. ரூமை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறாள். இருபத்தெட்டு வயசாகிறது. பெத்தவனே கெடுத்துவிட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ சொன்ன நாகர்கோவில் பையன் வீட்டில் இன்றைக்கே பேசு. அங்கே நான் வாயே திறக்கமாட்டேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
சத்தியநாதன்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் யேசுதாசன் போன் பண்ணினார். கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று பையன் ஒற்றைக்காலில் நிற்கிறானாம். ஆகஸ்டில் கல்யாணம், நாகர்கோவிலில் பேசிவைக்காதே. ஒரு வார்த்தைகூடப் பேசாமல் எப்படியம்மா பிடித்தது என்று ஜெரூஷாவைக் கேட்டேன். "ஜெபம் முடியற வரைக்கும் அவர் என்னையேதாம்ப்பா பாத்துட்டிருந்தார்" என்கிறாள். அது உனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.