டாக்டரின் செல்ல நோயாளி

ஊருக்கு ஒரு டாக்டர் என்றால், அந்த டாக்டருக்கு ஒரு செல்ல நோயாளி உண்டு. இப்படி ஒரு பதவி இருப்பது டாக்டருக்கே தெரியாது என்பது வேறு விஷயம். இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். மற்றவர்கள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போவார்கள். இவர் டாக்டரிடம் போவதற்காகவே ஒரு காய்ச்சலை வரவழைத்துக்கொள்வார். மற்றவர்கள் வாசல் வழியாக வந்து, சிவப்புப் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து, நர்சம்மா பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை எதிர்ச்சுவரில் தொங்கும் நுரையீரல் படத்தை வெறித்துக்கொண்டிருப்பார்கள். இவர் பக்கத்துக் கதவைத் தள்ளித் தலையை மட்டும் உள்ளே நீட்டி, "நான்தான்" என்பார். யார் என்று சொல்ல மாட்டார். சொல்ல வேண்டுமா என்ன?

நம் சர்வேயரை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பத்திரண்டு வருஷம் சங்கிலியும் நாடாவுமாக ஊரார் நிலத்தையெல்லாம் அளந்தவர். ஓய்வு பெற்ற பிறகு அளக்க வேறொன்றும் கிடைக்காமல் தன் உடம்பையே அளக்க ஆரம்பித்தார். வயிற்றுவலி என்று மொட்டையாகச் சொல்லும் ஆளா அவர்?

"தொப்புளை மையமா வெச்சுக்குங்க டாக்டர். அங்கேருந்து வடகிழக்குல மூணு அங்குலம். நேத்து ரெண்டரைதான் இருந்துது."

"அடடா, ஆக்கிரமிப்பு" என்பார் டாக்டர், முகத்தில் ஒரு கோணலும் இல்லாமல். "விடக் கூடாது. ரெண்டு வேளை மாத்திரை, காலி பண்ணிடும்."

ஒருநாள் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றினார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். மேஜைமேல் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "சார், இதை நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. உங்களுக்கு மட்டும் சொல்றேன். உங்களுக்குக் குதிரை இதயம்" என்றார்.

அன்றிலிருந்து சர்வேயர் தெருவில் நடந்தால் குளம்புச் சத்தம் கேட்டது.

மனைவியிடம்கூட அவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தின் பலத்தில் பதினெட்டு வருஷம் ஊருக்கே வைத்தியம் பார்த்தார். யாராவது இருமினால், "நம்மாளு இதுக்கு வெந்நீர்தான் சொல்வார்" என்பார். யாராவது டாக்டரைப் பற்றி ஒரு கதை சொன்னால், பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தி, அதே கதையைத் தன்னை உள்ளே வைத்து முதலிலிருந்து சொல்வார்.

போன மாதம் டாக்டர் காலமானார். அதையும் கிளினிக் விடுமுறை நாளாகப் பார்த்து, ஒருத்தரையும் பெஞ்சில் காக்க வைக்காமல் செய்தார். ஊரே அழுதது. டாக்டர் வீட்டில் துக்கம் விசாரித்துவிட்டு வந்தவர்கள் தன் வீட்டுக்கும் வருவார்கள் என்று சர்வேயர் வாசலில் நான்கு நாற்காலி போட்டு வைத்தார். வந்தவர் ஒரே ஒருவர். அவரும் விலாசம் கேட்க வந்தவர்.

பதினைந்து நாளில் அதே கிளினிக்கில், அதே மேஜைக்குப் பின்னால், ஒரு புது டாக்டரம்மா வந்து உட்கார்ந்தார். சர்வேயர் அந்தத் தெருவையே மறந்துவிட்டார். மறக்கக் கூடாத சமயத்தில் மறந்தார் என்பதுதான் சங்கடம். ஏனென்றால் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது.

"மாடிக்கு மொத்தம் பதினாலு படி" என்றாள் அவர் மனைவி. "அஞ்சாவதுல நின்னீங்க. ஒன்பதாவதுல நின்னீங்க."

"நின்னேனா? வேடிக்கை பார்த்தேன்."

"எதை, சுவத்தையா?"

சர்வேயர் செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"நாளைக்குப் புது டாக்டரம்மாகிட்ட போலாம். வாங்க."

"இந்த உடம்புமேல அவர் கை பட்டிருக்கு. இனிமே வேற கை படாது."

"அடேயப்பா, பத்தினி தோத்தா போங்க!" என்றாள் அவள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்தான், ஆனால் இரண்டு நாளாக அவருக்குத் தெரியாமல் அவர் தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டிருந்தவளும் அவள்தான். "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நாளா."

தலைவலியை நிமிஷக் கணக்கில் சொல்லும் மனிதர் "கொஞ்ச நாள்" என்றார்.

நூலகத்துக் கூடத்தில் இரங்கல் கூட்டம் ஏற்பாடானது. சர்வேயர் ஆறு பக்கம் எழுதிக்கொண்டு போனார். ஐந்து பக்கம் டாக்டரைப் பற்றி என்று பெயர், உண்மையில் சர்வேயரைப் பற்றி. ஆறாவது பக்கத்தில்தான் அந்தக் குதிரை. டாக்டர் போன பிறகு ரகசியத்தைக் காப்பாற்றுவதில் அர்த்தமில்லை, ஊர் தெரிந்துகொள்ளட்டும் என்று முடிவு செய்திருந்தார்.

அவருக்கு முன்னால் தையற்காரரைப் பேசக் கூப்பிட்டார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஒருநாள் கதவைப் பார்த்துட்டு, மெதுவா சொன்னாருங்க. இதை யார்கிட்டயும் சொல்றதில்ல, உங்களுக்கு மட்டும் சொல்றேன், உங்களுக்குக் குதிரை இதயம்னு..."

மூன்றாவது வரிசையில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை எழுந்தார். "மன்னிக்கணும். அது என்கிட்ட சொன்னது."

"உங்ககிட்டயா? என்கிட்டல்ல சொன்னார்!" இது லாரி ஓட்டுநர்.

அவ்வளவுதான். இங்கே ஒரு குதிரை எழுந்தது, அங்கே இரண்டு குதிரை கனைத்தது. ஐந்து நிமிஷத்தில் இரங்கல் கூட்டம் குதிரைச் சந்தை ஆயிற்று. சர்வேயர் ஆறு பக்கத்தையும் நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"எனக்கும் சொன்னார்" என்றாள் பக்கத்திலிருந்த மனைவி, மெதுவாக.

"உனக்குமா! எப்போ?"

"மூத்தவ பொறந்தப்பவே. உங்க மனசு தாங்காதுன்னுதான் சொல்லல."

நர்சம்மா மேடையேறிக் கையைத் தட்டியிராவிட்டால் கூட்டம் ஓடுபந்தயத்தில் முடிந்திருக்கும். அவர் பக்கத்தில் நோயாளிகளின் அட்டைகள் இரண்டு பெட்டி நிறைய இருந்தன. "டாக்டர் கடைசி ஆறு மாசமா தினம் சாயங்காலம் உக்காந்து ஒவ்வொரு அட்டையிலயும் ரெண்டு வரி எழுதினார். அடுத்து வர்ற டாக்டருக்காம். வந்து வாங்கிக்கங்க" என்றார்.

வாங்கினார்கள். பார்த்தார்கள். டாக்டரின் கையெழுத்து! மைப்புட்டியில் விழுந்த வண்டு எழுந்து வீட்டுக்கு நடந்து போன தடம். யாருக்கும் ஒரு எழுத்தும் புரியவில்லை. அதனால் ஆளாளுக்குத் தன் அட்டையில்தான் பாராட்டு அதிகம் என்று சண்டை போட முடிந்தது. அந்தத் தடத்தைப் படிக்கத் தெரிந்தவர் நர்சம்மா ஒருவர்தான். சர்வேயருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அட்டையை நீட்டினார்.

"சத்தமா படிங்க சிஸ்டர். எல்லாரும் கேக்கட்டும்."

நர்சம்மா அட்டையைப் பார்த்தார். "மெதுவாவே படிக்கிறேன் சார்" என்று அவரை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"நல்ல மனிதர். பயந்த சுபாவம். வலியை அளந்து சொல்வார், கவலை வேண்டாம். பத்து நிமிடம் பேச விட்டபின் ரத்த அழுத்தம் பார்க்கவும், இருபது குறைந்திருக்கும். குதிரை சொல்லியிருக்கிறேன். அளவு சொல்லாமல் வந்தால் தாமதிக்க வேண்டாம், உடனே பார்க்கவும்."

சர்வேயர் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் மனைவிதான் பேசினாள். "இவருக்கு மூச்சு வாங்குது சிஸ்டர்."

"எவ்வளவு சார்?" என்றார் நர்சம்மா.

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா? எத்தனை படிக்கு?"

"கொஞ்சம்தான், சிஸ்டர்."

நர்சம்மா அட்டைப் பெட்டியை மூடினார். கடைசி வரிசையில், யாரையும் தெரியாமல், தனக்கு ஒரு குதிரையும் கிடைக்காமல் உட்கார்ந்திருந்த புது டாக்டரம்மாவை ஒரு பார்வை பார்த்தார். நூலகத்துக்கு இரண்டு கட்டடம் தள்ளித்தான் கிளினிக். அன்று சர்வேயர் தன் வாழ்க்கையில் முதல்முறையாக வாசல் வழியாக நுழைந்தார்.

டாக்டரம்மா நர்சம்மாவை அட்டையைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். சோதித்தார். இசிஜி தாளை நீளமாக விரித்து இரண்டு தடவை பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். மேஜைமேல் குனிந்தார்.

"சார், இதை நான் யார்கிட்டயும் சொல்றதில்ல..."

"குதிரைன்னா வேணாம்மா" என்றார் சர்வேயர். கண்ணில் தண்ணீர்.

"குதிரைதான் சார். லாடம் தேஞ்சுபோச்சு. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம், நானும் வண்டியில வரேன்."

லாடம் அடித்தார்கள். ஒரு நாள் தாமதித்திருந்தால் அவருக்கும் ஒரு இரங்கல் கூட்டம் வைக்க வேண்டியிருந்திருக்கும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர் மனைவி தலையணையை இறக்கி வைத்துவிட்டாள்.

இப்போது போய்ப் பாருங்கள். பக்கத்துக் கதவில் ஒரு தலை நீளும். "நான்தான்" என்னும். பெஞ்சில் இருப்பவர்களிடம் திரும்பி, "நெஞ்சுக்குள்ளே மூணு மில்லிமீட்டர் குழாய். நீளம் பதினெட்டு. டாக்டரம்மா வண்டியிலேயே கூட வந்தாங்க. எல்லாருக்கும் வருவாங்களா?" என்னும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் டாக்டரும் ஒருநாள் கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, உங்களுக்கு மட்டும் ஒன்று சொன்னாரல்லவா? நீங்களும் அதை இத்தனை வருஷமாகப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள் அல்லவா? நல்லது. அப்படியே வைத்திருங்கள். பெஞ்சில் பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.