செஞ்சதுக்கத்தில் எட்டு இடது ஷூ

இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார். பல் டாக்டரிடம் போனால் வாயை ஆவென்று திறக்கச் சொல்லிவிட்டு அவரும் கேட்கிறார். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். இனி கேட்பவர்களுக்கு ஒரு ஜெராக்ஸைக் கொடுத்துவிட்டு நான் பாட்டுக்குச் சாப்பிடுவேன்.

எனக்கு முன்ஜாக்கிரதை அதிகம். (வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.) கருமத்தம்பட்டியில் பம்புசெட் கடை வைத்திருக்கிறேன். ஒரு வருஷம் மோட்டார் நன்றாக விற்றதற்காக, கம்பெனிக்காரர்கள் நான்கு டீலர்களை மனைவியோடு ரஷ்யாவுக்கு டூர் அனுப்பினார்கள். அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. சின்ன வயசு, விவரம் பத்தாது என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.

என் மனைவி ஸ்டெல்லா அரசுப் பள்ளியில் சரித்திர டீச்சர். ரஷ்யப் புரட்சிப் பாடத்தை இருபது வருஷமாக நடத்துகிறாள். பீட்டர்ஸ்பர்க்கில் ஜார் மன்னர்களின் குளிர்கால அரண்மனைக்குள் புரட்சிக்காரர்கள் புகுந்த கட்டம் வந்தால், வாசலையும் படிக்கட்டையும் கரும்பலகையில் வரைந்தே காட்டுவாள். அதை நேரில் பார்ப்பதைத் தவிர இந்த டூரில் அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. திட்டப்படி காலையில் மாஸ்கோவின் செஞ்சதுக்கம், மதியம் ஒரு மணிக்கு ரயில், மாலையில் அந்த அரண்மனை, மறுநாள் விடிந்ததும் ஊருக்கு விமானம். அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு மாலைதான்.

செஞ்சதுக்கத்தின் ஓரத்தில் வண்ண வண்ணக் கோபுரங்களோடு பழைய தேவாலயம் ஒன்று இருக்கிறது. கைடு அம்மா டிக்கெட் வாங்கப் போனார். நாங்கள் எட்டுப் பேரும் வாசலில் நின்றோம். எங்கள் ஊர் மாதா கோயிலில் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். இங்கேயோ ஆளாளுக்கு பூட்ஸோடு போய்க்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். (அங்கே வெளிநாட்டுக்காரன் நான்தான் என்பது அப்போது தோன்றவில்லை.) சாமி இருக்கிற இடம், எல்லோரும் கழற்றுங்கள் என்றேன். எங்கள் ஆட்கள் பாவம், மரியாதை என்று சொன்னால் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அந்தக் குளிரில் சாக்ஸோடு நின்றார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். கோயில் வாசலில் புதுச் செருப்பைப் பறிகொடுத்துவிட்டு வெறுங்காலோடு வீடு வந்த அனுபவம் எனக்கு மூன்று முறை உண்டு. அன்றிலிருந்து ஒன்றை இங்கேயும் மற்றதை எட்டவும் விடுவது என் வழக்கம். ஒற்றைச் செருப்பை எவன் தூக்கிக்கொண்டு போவான்? புளிசாதம் கொண்டுவந்த இரண்டு கட்டைப்பைகள் கையில் இருந்தன. எட்டு இடது ஷூவையும் ஒரு பையில் திணித்துப் படிக்கட்டுக்கு இந்தப் பக்கம் வைத்தேன். எட்டு வலதையும் இன்னொன்றில் திணித்து அந்தப் பக்கம், கண்ணில் படாதபடி வைத்தேன். ஈரோட்டு டீலர் நாச்சிமுத்து அண்ணன் என் மூளையை மெச்சினார். அந்த மனுஷனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"ஏனுங்க, அந்தம்மாவை ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வெக்கலாமுங்க" என்றாள் ஸ்டெல்லா. எனக்குத் தெரியாதா என்று சொல்லிவிட்டேன்.

உள்ளே பாதி சுற்றிய பிறகுதான் கைடு அம்மா எங்கள் கால்களைப் பார்த்தார். இது இப்போது மியூசியம், தேவாலயமாகவே இருந்தாலும் இங்கே யாரும் ஷூவைக் கழற்றுவதில்லை என்றார். வெளியே ஓடிவந்து பார்த்தால் நாடா கட்டிப் போலீஸ் நிற்கிறது. அரசாங்கமே குடியிருக்கிற கோட்டைக்குப் பக்கத்தில், கேட்பாரற்ற இரண்டு பைகள். மோப்ப நாய் இடது பையை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மேலாக இருந்தது என் ஷூ.

வெடிகுண்டு இல்லை என்று தெரிந்த பிறகுதான் தலைவலி ஆரம்பித்தது. வெறும் ஷூ என்று விட்டிருப்பார்கள். ஆனால் எட்டும் ஏன் இடது கால் என்று கேட்டார்கள். நம் ஊர்ச் செருப்புத் திருட்டை நான் விளக்க, கைடு அம்மா பெருமூச்சோடு மொழிபெயர்த்தார். அதிகாரி ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு தன் மேலதிகாரியைக் கூப்பிட்டார். அவருக்கும் முதலிலிருந்து விளக்கினேன். ஸ்டெல்லா கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பைகள் கைக்கு வந்தபோது மணி ஒன்றரை.

அடுத்த ரயிலைப் பிடித்துப் போனோம். அரண்மனையை அடைத்துவிட்டிருந்தார்கள். பச்சையும் வெள்ளையுமாக, அம்மாடி, எவ்வளவு பெரிய கட்டடம். ஸ்டெல்லா இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

"வெளிய பாத்தாச்சில்லீங்க. போதும், வாங்க" என்றாள். என் கெட்டிக்காரத்தனத்தால் அவள் ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஊர் திரும்பிய பிறகும் அவள் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. நல்ல மனசு, மறந்துவிட்டாள் என்றே நினைத்திருந்தேன். போன மாதம் கிணற்று மோட்டாருக்கு ஃபுட்வால்வு வாங்கக் கடைக்கு வந்த ஒருவர், தன் மகள் ஸ்டெல்லா டீச்சரிடம்தான் படிக்கிறாள் என்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அரமனைக்குக் காவல் போட்டும் புரட்சிக்காரங்கள நிறுத்த முடியலீங்களாமா. ஆனா என்ற ஊட்டுக்காரரு ஒத்தையாளா நின்னு என்னைய நிறுத்திப்போட்டாருன்னு டீச்சர் வருசா வருசம் பாடத்துல சொல்றாங்களாமுங்க. அது நீங்கதானுங்களா?"

நான்தானுங்க என்று சொல்லி வால்வை எடுத்துக் கொடுத்தேன்.