முச்சந்தியில் விட்ட முட்டி

பேய், பிசாசு, திருஷ்டி கழிப்பு எல்லாம் மூடத்தனம் என்று பாகூர்ப் பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில் பாடம் நடத்திய இயற்பியல் வாத்தியார் நான். அந்த நான்தான் ஒரு மார்கழி விடியலில் குங்குமம் தடவிய பூசணிக்காயோடு முச்சந்தியில் நின்றேன். வெட்கம்தான். ஆனால் வெட்கப்பட வேண்டியது அதற்கல்ல.

ஐம்பதைத் தாண்டியபின் எனக்கு ஓட்டப் பைத்தியம் பிடித்தது. (காரணம் தொப்பை.) தினமும் ஏரிக்கரையில் ஓடுவேன். துணைக்குப் பக்கத்துத் தெரு தணிகாசலம் வருவார். கரும்பு விவசாயி. அவருக்குத் தொப்பையே கிடையாது. நான் தனியாக ஓடக் கூடாதே என்று வந்தவர்.

சில மாதங்களில் என் வலது முட்டியின் உள்பக்கம் ஊசி ஏற்றியதுபோல் வலி. ஐஸ் வைத்தேன், தைலம் தேய்த்தேன், முட்டி உறை மாட்டினேன். "ஓட்டத்த நிறுத்துங்க சார்" என்றார் டாக்டர். புதுச்சேரி கடற்கரை ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்து, பனியனும் வந்துவிட்டிருந்தது. நிறுத்துவதைத் தவிர வேறு எதற்கும் நான் தயார்.

"கண்ணு பட்டுக்கிதுங்க" என்றாள் மனைவி வசந்தா. "பூசணிக்காய முட்டிய சுத்தி முச்சந்தில ஒடச்சிட்டு வந்துடுங்க. யார் கூப்ட்டாலும் திரும்பாதீங்க. கழிச்சது கூடவே வந்துடும்."

வாத்தியாரை இந்தக் கோலத்தில் யாரும் பார்க்கக் கூடாதே! "நாளைக்கு ஓட வரவில்லை" என்று தணிகாசலத்திடம் சொல்லிவைத்தேன்.

பனி கண்ணை மறைத்தது. காற்றே இல்லை, ஆனாலும் கரும்புத் தோகை சரசரத்தது. பூசணியை நட்ட நடு ரோட்டில் போட்டு உடைத்துவிட்டு நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் 'தொப்'பென்று ஒரு சத்தம். பிறகு காலடி. ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுத்து. என் நொண்டல்! இத்தனை மாதம் நான் நடந்த அதே தாளம்.

"வாத்தியாரே..."

தணிகாசலத்தின் குரல். அவர்தான் வரமாட்டாரே?

"வாத்தியாரே, இன்னாத்துக்கு நிக்காம போற? திரும்பிப் பாருபா!"

வேறு என்ன சொல்லியிருந்தாலும் நின்றிருப்பேன். ஓட்டம் பிடித்தேன்.

"முட்டி போச்சு வாத்தியாரே..." என்று பனிக்குள்ளிருந்து அழுதது அது. நான் கழித்துப்போட்ட முட்டியேதான் என் நண்பன் குரலில் கூப்பிடுகிறது என்று சத்தியமாக நம்பினேன். என் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. கொஞ்சமும் வலிக்கவில்லை.

வீட்டுக்குள் விழுந்து விஷயத்தைச் சொன்னேன். கழிப்பு சொல்லிக்கொடுத்த வசந்தாவே தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யய்யோ, அது அவரேதாங்க! ரோட்டு நடுவுலயா போட்டு ஒடச்சீங்க?"

இருவரும் ஓடினோம். பூசணிச் சதையில் வழுக்கிய தடம். அங்கிருந்து இழுத்து வந்த தடம். அது முடிந்த இடத்தில் வலது முட்டியைப் பிடித்தபடி தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். பழக்கதோஷத்தில் எழுந்து ஓட வந்திருக்கிறார்.

"கூப்ட்டேனே வாத்தியாரே" என்றார். அவ்வளவுதான்.

ஆபரேஷன் செய்தும் அந்தக் கால் நேராகவில்லை. எனக்கோ அன்றோடு வலி போனது. 'அட்ரினலின்' என்று பிள்ளைகளுக்கு விளக்கலாம். அது ஒரு காலைக்குத்தானே? இத்தனை வருடத்துக்கு எந்தப் பாடத்திலும் விளக்கம் இல்லை. பந்தயத்துக்கு நான் போகவில்லை. பனியனை வண்டி துடைக்கப் போட்டாயிற்று.

இப்போதும் மழை பிடித்தால் தணிகாசலத்தின் மனைவி போன் செய்வார். "அண்ணே, ஒங்க முட்டிக்கு இன்னிக்கு ரொம்ப வலியாம். வந்து பாத்துட்டுப் போங்க." பின்னால் வீடே சிரிப்பது கேட்கும். தணிகாசலம் சிரிப்பதுதான் அதிகம் கேட்கும்.

தைலத்தை எடுத்துக்கொண்டு போவேன். எங்கே அழுத்த வேண்டும் என்று அவர் காட்டியதே இல்லை. என் விரல் நேராக அங்கே போய் நிற்கும்.