மொந்தெசோர்தோவின் பதினேழாவது மார்க்கேசே

ஜூலை பிறந்தாலே ஆத்தீலியோவுக்கு அந்த வெல்வெட் அங்கியை நினைத்து வியர்க்கும். ஆகஸ்ட் பதினாறு, புனித ரோக்கோ திருவிழா. மொந்தெசோர்தோ ஊரின் பதினேழாவது மார்க்கேசே, அதாவது பரம்பரைப் பிரபு, என்ற முறையில் அந்த அங்கியை மாட்டிக்கொண்டு ஆளுயர மெழுகுவர்த்தியோடு ஊர்வலத்துக்கு முன்னால் நாலு மணி நேரம் மலையேற வேண்டும். மற்ற நாளெல்லாம் அவன் பஸ் டிரைவர்.

பதினோரு வருஷமாக இதே கூத்து. அதுவரை மார்க்கேசேயாக இருந்த, முகமே பார்த்திராத தூரத்துச் சித்தப்பா ஒருவர், "மூத்த கிளை நீதான்ப்பா" என்று எழுதிப் பட்டத்தை விட்டுக்கொடுத்திருந்தார். கடிதம் வந்த அன்று ஆத்தீலியோ ஆனந்தக் கண்ணீர் விட்டான், பாவம்.

"ஏங்க, இந்த வருஷமாவது கடலுக்குப் போறோமா இல்லையா?" என்றாள் மனைவி நுன்சியா. "ஆகஸ்ட் முழுக்க ரூம் போட்டாச்சு. வரலேன்னா நான் தனியா போறேன். திரும்பி வருவேனான்னு கேக்காதீங்க."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பங்குச்சாமியார் எலீஜியோவிடம் ஓடினான். "சாமி, பட்டமெல்லாம் செல்லாதுன்னு குடியரசு சொல்லி எத்தனை வருஷமாச்சு!"

"குடியரசு சொல்லிச்சு. புனித ரோக்கோ சொன்னாரா?"

"இடுப்பு வலி சாமி. நடக்க முடியல."

"அட, இதை முதல்லயே சொல்லக் கூடாதா!"

மறுநாள் வாசலில் ஒரு கோவேறு கழுதை நின்றது. மார்க்கேசே ஏறிப் பழகிக்கொள்ள ஊரே சேர்ந்து அனுப்பியதாம். கழுதைக்கும் இதில் இஷ்டமில்லை என்பது அதன் முகத்திலேயே தெரிந்தது.

வேறு வழியில்லாமல் மாகாண ஆவணக் காப்பகத்துக்கு எழுதினான்: 'என் வம்சம் எங்கேயாவது அறுந்திருக்கிறதா பாருங்கள்.' பத்தே நாளில் பதில் வந்தது. வம்சம் எங்கும் அறவில்லை. கூடவே ஒரு நல்ல செய்தி: 1688-இல் நடந்த ஒரு கல்யாணத்தின் வழியாக, பக்கத்து ஊர் ரோக்காநேராவின் பாரோன் பட்டமும் தங்களுக்கே. அங்கே திருவிழா ஆகஸ்ட் இருபத்துநாலு. பாரோன் மரச்சிலுவை சுமக்க வேண்டும்.

நுன்சியா கடிதத்தைப் படித்தாள். கடலுக்குப் போகக் கட்டிவைத்த பெட்டியிலிருந்து அவனுடைய நீச்சல் நிக்கரை மட்டும் எடுத்து வெளியே போட்டாள்.

"ஐயோ, நேர்லயே போய் முடிச்சுட்டு வர்றேன் நுன்சியா, சத்தியமா!"

மூன்று நாள் லீவு போட்டுக் காப்பகத்தில் உட்கார்ந்தான். தும்மித் தும்மி, பதினாறு மார்க்கேசேகளையும் புரட்டினான். சனியன், பட்டம் அறுந்துபோகப் போகிறது என்று ஆசையாகப் பக்கத்தைத் திருப்பினால், எங்கிருந்தோ ஒரு தூரத்து வாரிசு முளைத்திருப்பான். மூன்றாம் நாள் மாலை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். இனி எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

முப்பது வருஷமாக அங்கே கட்டுகளை எடுத்துக் கொடுக்கும் ஜெல்சொமினா, காபியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"சும்மா வந்து தேடினா எப்படி ஐயா கிடைக்கும்? போன மார்க்கேசே உங்க பேரைக் கையோட கொண்டுவந்தாரு, ஒரே மத்தியானத்துல உங்களை மூத்த கிளையாக்கிட்டோம். அவருக்கு முந்தினவரு அவர் பேரைக் கொண்டுவந்தாரு. நீங்க யார் பேரைக் கொண்டுவந்திருக்கீங்க?"