மந்திரித்த துப்பாக்கி

வல்லம் பக்கம் வந்து, "புறாவைச் சுட்டவர் வீடு எது?" என்று யாரைக் கேட்டாலும் கையை நீட்டி என் வீட்டைக் காட்டுவார்கள். என் பெயர் அருள். செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊரில் மல்லாட்டை (உங்கள் ஊரில் வேர்க்கடலை) பயிர் செய்கிறேன். கோயில் பாடற்குழுவில் தபேலா வாசிக்கிறேன். இது எதுவும் ஊராருக்கு நினைவில் நிற்பதில்லை. புறா மட்டும் நிற்கிறது.

ஒரு பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் கடைக்குப் போனால் காசுதான் போகும். அரைகுறையாகத் தெரிந்தவன் போனால் மானமும் சேர்ந்து போகும். சில வருடங்களுக்கு முன் நான் மூன்று வாரம் பாடுபட்டு அரைகுறையாகத் தெரிந்துகொண்டேன்.

அந்த வருடம்தான் நைனாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) மூட்டுவலி வந்து வரப்பில் நடக்க முடியாமல் போனது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"டே, இந்த ஒரு பட்டம் வெள்ளாமைய நீ பாரு. காப்பாத்தினன்னா கழனி உன்னுது. இல்லன்னா சவரிக்குக் குத்தகைக்கு வுட்டுட்டு நான் நிம்மதியா இருப்பேன். நீ பாட்டுக்கு உன் ஜெராக்ஸப் பாத்துக்க."

சவரி என் சித்தப்பா மகன். பக்கத்துக் கழனிக்காரன். அவன் வெறும் குச்சியை நட்டாலும் துளிர்க்கும். வரப்பில் நின்று என் செடிகளை அவன் பார்க்கும் பார்வையிலேயே, குத்தகை முடிவாகிவிட்ட தெம்பு இருக்கும். எனக்கு அந்தக் கழனி வேண்டும். கடையில் நாள் முழுக்க அடுத்தவர் ஆதார் கார்டை நகல் எடுப்பவனுக்கு, தன்னுடையது என்று சொல்ல ஒரு மண் வேண்டாமா?

விதைத்தேன், களை எடுத்தேன், தண்ணீர் பாய்ச்சினேன். காய் பிடிக்கிற நேரத்தில் எலி வந்தது. செடி மேலே பச்சைப் பசேலென்று நிற்கும், பிடுங்கினால் அடியில் ஒன்றும் இருக்காது. ஊரில் எல்லாரும் பொறி வைத்தார்கள். நான் யூடியூப் பார்த்தேன்.

அங்கேதான் ஏர் கன்னைக் கண்டேன். வெடிமருந்து கிடையாது, காற்றழுத்தத்தில் சின்ன ஈயக் குண்டைத் தள்ளும் துப்பாக்கி. ஒரு வெள்ளைக்காரர் பச்சைப் புல்வெளியில் படுத்துக்கொண்டு தூரத்திலிருந்த தகர டப்பாவைச் சுட்டார். டப்பா விழுந்தது. என் எலிகளும் அந்த டப்பா போல அசையாமல் நின்று ஒத்துழைக்கும் என்று நான் நம்பிவிட்டேன். (மூளையை எங்கே அடகு வைத்திருந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.)

என் மனைவி ஸ்டெல்லா கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்வி.

"அதால இன்னாத்தச் சுடப் போறீங்க? மயிலத் தொட்டா ஜெயிலு. பன்னியத் தொட்டா ஃபாரஸ்ட்காரன் வருவான். அணில நான் சுட வுட மாட்டேன்."

"எலி இருக்குதுல்ல?"

"எலி ராத்திரில வரும். நீங்க ஒம்போது மணிக்கே கொறட்ட வுடுவீங்க."

ஆகவே நான் ஆராய்ச்சியைத் தீவிரப்படுத்தினேன். ஸ்பிரிங் வைத்ததா, கேஸ் வைத்ததா, பம்ப் வைத்துக் காற்று நிரப்புவதா? மெல்லிய குண்டா, தடித்த குண்டா? ஒருவர் ஸ்பிரிங்தான் உழைக்கும் என்றார். இன்னொருவர் ஸ்பிரிங் வாங்குகிறவன் முட்டாள் என்றார். மூன்றாமவர் இந்தியில் பேசினார். எனக்கு இந்தி தெரியாது, இருந்தும் அவர் சொன்னதுதான் மிகவும் நியாயமாகப் பட்டது. கடையில் ஒருவர் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்தார். நான் போனைப் பார்த்துக்கொண்டே, தொழில் என்ற இடத்தில் 'ஸ்பிரிங்' என்று அடித்துவிட்டேன். மனிதர் அடிக்க வந்துவிட்டார்.

போதாக்குறைக்கு மச்சான் லூர்து சேர்ந்துகொண்டான். ஸ்டெல்லாவின் தம்பி. கல்லூரியில் படித்தபோது என்.சி.சி. முகாமில் ஏதோ சுட்டிருக்கிறான். அதிலிருந்து எல்லையைக் காத்துவிட்டு வந்தவன் மாதிரிதான் பேசுவான். "மாமா, பவர் முக்கியம். பவர் இல்லாத துப்பாக்கிக்கு உண்டிகோலே மேல்," என்றான். நைனாவோ, "மரக்கட்ட வச்சது வாங்கு. பிளாஸ்டிக் வச்சா அது வெளையாட்டுச் சாமான்," என்றார். ஸ்டெல்லா, "எது வாங்கினாலும் பில்லு வாங்குங்க, திருப்பிக் குடுக்கலாம்," என்றாள். மூன்று பேரையும் திருப்திப்படுத்தும் துப்பாக்கியை உலகத்தில் எவனும் இன்னும் செய்யவில்லை.

இதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. கழனியில் எலிகள் யாரையும் கலந்தாலோசிக்காமல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கடைசியில் லூர்துவும் நானும் சென்னைக்கு பஸ் ஏறினோம். கடைக்காரர் பெரிய மனிதர், நிதானமானவர்.

"எதுக்கு சார்?"

"எலிக்கு."

"எவ்ளோ தூரத்துல இருந்து சுடுவீங்க?"

இத்தனை ஆராய்ச்சியில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. "எலி எங்க இருக்குதோ, அங்க இருந்து," என்றேன். அவர் என் கையையும் தோளையும் அளந்து பார்த்தார். பிறகு ஒரு துப்பாக்கியை எடுத்து, "குழாய மடக்கினாத்தான் ஸ்பிரிங் ஏறும். மடக்கிப் பாருங்க," என்று கொடுத்தார். நான் குழாயை மடக்கப் பார்த்தேன். குழாய் என்னை மடக்கியது. லூர்து வாங்கி ஒரே இழுப்பில் மடக்கிவிட்டு, கடையில் இருந்த எல்லாரையும் ஒருமுறை பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் லேசா இருக்கறது காட்டட்டுமா?" என்றார் கடைக்காரர் மரியாதையாக. லேசானதுதான் எனக்குச் சரி. குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் கனமானதற்குத் தோளில் மாட்டும் பை ஒன்று இலவசம் என்று எழுதியிருந்தது. ஸ்பிரிங், கேஸ், குண்டின் தடிமன், இந்திக்காரரின் அறிவுரை எல்லாவற்றையும் கரைத்துக் குடித்த நான், கடைசியில் பைக்காகத் துப்பாக்கி வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் நைனா கட்டையைத் தட்டிப் பார்த்தார். மரம்தான். திருப்தி. பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"மந்திரிக்காத பொருள் எதுவும் நம்ம கழனியில எறங்கக் கூடாது. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் சாமியார்கிட்ட மந்திரிச்சிட்டு எடுத்துக்க."

பங்குச் சாமியார் செபம் சொல்லி மந்திரிப்பது எங்கள் வீட்டில் புதிதல்ல. மோட்டார், மருந்து தெளிக்கும் டேங்க், என் டி.வி.எஸ். எல்லாம் தீர்த்தம் தெளித்தவைதான். ஜெராக்ஸ் மெஷின்கூட மந்திரித்ததே. (பேப்பர் சிக்குவது வேறு விஷயம்.) ஆகவே நானும் சரி என்றேன். மந்திரித்து முடித்ததும் ஊரார் முன்னிலையில் ஒரு கொட்டாங்கச்சியைச் சுட்டுத் துவக்கிவைக்க வேண்டும் என்று லூர்து திட்டம் போட்டான். அதற்கும் சரி என்றேன்.

ஞாயிறு காலையில்தான் எனக்கு ஒன்று தோன்றியது. ஊரே பார்க்க அந்தக் குழாயை நான் எப்படி மடக்குவது? சவரி வேறு இருப்பானே. யோசித்தேன். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய், கட்டையை வயிற்றில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்து, ஒரு வழியாக மடக்கி, உள்ளே குண்டையும் போட்டு மூடிவிட்டேன். இப்போது விசையை அழுத்துவதுதான் பாக்கி. விசைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொக்கி உண்டு. அதை முன்னால் தள்ளாதவரை சுடாது. யாரிடமும் சொல்லவில்லை. அன்று என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

எங்கள் கோயில் வளாகத்தில் பாதுகாவலரான புனிதரின் சுரூபம் (சிலை) ஒன்று இருக்கிறது. பெயர் சொல்ல வேண்டியதில்லை, எல்லாக் கிறிஸ்தவக் காலண்டரிலும் வருபவர்தான். பழுப்பு அங்கி, காலடியில் ஓநாய், தோளில் வெள்ளைப் புறா. பறவைகளிடமும் மிருகங்களிடமும் அன்பாகப் பேசியவர். அவர் காலடியிலேயே, உயிர்களைச் சுடும் கருவியை மந்திரிக்கக் கொண்டுபோய் நிற்கிறோமே என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

எங்களுக்கு முன்னால் ஒரு டிராக்டர், ஒரு ஸ்கூட்டி. அடுத்து நாங்கள். குழாயில் கனகாம்பரம் சுற்றி, "ஊட்டுக்குப் பெரியவன் நான்தான் ஏந்தணும்" என்று நைனா துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். ஞானஸ்நானத்துக்குக் குழந்தையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி நின்றார்.

சாமியார் பார்த்தார். "என்ன அருள் இது?"

"துப்பாக்கி, சாமி. எலிக்கு."

அவர் செபப் புத்தகத்தைப் புரட்டினார். "வண்டிக்கு இருக்கு, வீட்டுக்கு இருக்கு, கிணத்துக்கு இருக்கு. விதைக்குக்கூட இருக்கு. இதுக்கு இல்லையே."

"வண்டி செபத்தையே சொல்லிடுங்க சாமி. ரெண்டும் இரும்புதான்," என்றார் நைனா.

சாமியார் பெருமூச்சு விட்டு ஆரம்பித்தார். எல்லாரும் தலை குனிந்து கண்ணை மூடினார்கள். இதில் பயணம் செய்யும் யாவரும் எந்த ஆபத்தும் இல்லாமல் போய்ச்சேர வேண்டும் என்று அவர் மன்றாடினார். அதில் பயணம் செய்ய ஒரே ஒரு குண்டுதான் காத்திருந்தது.

நான் மட்டும் கண்ணை மூடவில்லை. ஸ்பிரிங்கில் தண்ணீர் இறங்கினால் துருப்பிடிக்கும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். ஆகவே தீர்த்தம் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விசைக்குப் பக்கத்தில் விழுந்தது; தெளித்த சாமியார் மறுபடி புத்தகத்தில் குனிந்துவிட்டார். கையில் ஈரம் பட்டதும் நைனாவும் கண்ணைத் திறந்தார். கட்டைவிரலால் துடைத்தார். துடைத்ததில் கொக்கி முன்னால் போனது. 'நைனா' என்று நான் வாயைத் திறப்பதற்குள் விரலைக் கொஞ்சம் கீழே இறக்கி, அங்கேயும் துடைத்தார்.

டப்.

மணிக்கூண்டிலிருந்த நிஜப் புறாக்கள் எல்லாம் ஒன்றாகப் பறந்தன. சுண்ணாம்புத் தூள் கொட்டியது. புனிதரின் தோளில் இரண்டு கால்களும் ஒரு கம்பியும் மட்டும் நின்றன.

எல்லாரும் கண்ணைத் திறந்து நிமிர்ந்தபோது துப்பாக்கி என் கையில் இருந்தது. மூட்டுவலியில் நடக்க முடியாத அந்த மனிதர் அவ்வளவு வேகமாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை. திணித்த கையோடு என்னைத் திட்டவும் ஆரம்பித்துவிட்டார்.

"துப்பாக்கிய இப்டியா புடிக்கிறது? அறிவு வேணாம்?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தச் சுரூபத்துக்கு வீடு வீடாகப் போய்க் காணிக்கை வாங்கியவர் நைனா. தேர்த் திருவிழாவில் முதல் மாலையை அவர் கையால்தான் போடுவார்.  கண் என்னைக் கெஞ்சியது. ஐயோ பாவம் என்றிருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. குண்டு போட்டவன் நான்தானே என்ற நினைப்பும் கூடவே குத்தியது.

"மன்னிச்சிடுங்க சாமி," என்றேன்.

சாமியார் சுரூபத்தை மேலும் கீழும் பார்த்தார். "ஓநாயையாவது விட்டு வச்சியே," என்றார்.

"குறி நல்லாத்தான் இருக்குது அருளு," என்றான் சவரி, டிராக்டர் ஓரத்தில் நின்ற கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி. லூர்து அதற்குள் கொட்டாங்கச்சியோடு காணாமல் போயிருந்தான்.

அன்று மத்தியானம் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். கோழிக் குழம்பு. நைனா தன் தட்டிலிருந்த ஈரலை எடுத்து என் தட்டில் வைத்தார். ஈரலை அவர் யாருக்கும் கொடுத்ததே இல்லை.

புதுப் புறா எங்கள் செலவு என்று பங்குப் பேரவை முடிவு செய்தது. நான் பிடித்த கொத்தனார் சிமெண்டில் ஒன்று செய்து வைத்தார். அது புறா மாதிரி இல்லை, அடைகாக்கும் நாட்டுக்கோழி மாதிரி இருக்கிறது. ஊரில் அதற்குப் பெயர் அருள் கோழி. துப்பாக்கியை நான் மறுபடி மடக்கவே இல்லை. பரண்மேல் இருக்கும் பாத்திரங்களை இழுக்க ஸ்டெல்லா அதை வைத்திருக்கிறாள், நல்ல நீளம் என்கிறாள். அந்த இலவசப் பையில் மாவரைக்கப் போகும் அரிசி இருக்கிறது.

பட்டம் என்ன ஆனது என்கிறீர்களா? அறுவடையில் பாதிக்கு மேல் எலிக்குப் போனது. வீட்டு வாசலில் கொட்டிய குவியலைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. சவரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"பெரியப்பா, கழனி வெஷயம்…"

"கழனி அருளுதான் பாப்பான். வேற எதுனா பேசு," என்றார் நைனா.

சவரி குவியலைப் பார்த்தான், நைனாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்கு இன்றைக்கும் புரியவில்லை. அடுத்த பட்டம் முதல் நானும் எல்லாரையும் போலப் பொறிதான் வைக்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. நைனா இந்தக் கதையை ஊர் ஊராகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதையும் விடுவதில்லை. வருடத்துக்கு வருடம் கதை வளர்கிறது. முதலில் என் கை தவறியது. பிறகு நான் விளையாட்டாக அழுத்தினேன். இந்த வருடம் என் மகளின் புதுநன்மை (முதல் நற்கருணை) விருந்தில், அவலூர்பேட்டையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் நடுவே உட்கார்ந்து நைனா சொல்கிறார்:

"இவன் ஒரு கண்ண மூடிக்கினு, நல்லா குறி பாத்து…"

என்னால் பொறுக்க முடியவில்லை. "நைனா, நான் எங்க குறி பாத்தேன்?"

பந்தி முழுக்க எங்கள் பக்கம் திரும்பியது. நைனா ரசத்தைச் சோற்றில் பிசைந்துகொண்டே, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்.

"அடுத்த பட்டத்துக்கு கழனிய சவரி கேட்டுக்கினு இருக்கான்."

நான் அப்பளத்தை நொறுக்கினேன். சொந்தக்காரர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான்தாங்க சுட்டேன்," என்றேன்.

"பாத்தீங்களா, அவனே சொல்றான்," என்றார் நைனா.