பத்துச் சுற்றுக்கு நான்கு டயர்

இந்தக் கதையை ஆறு வருடமாக நான் முழுசாக நம்பியதில்லை. சொன்னவன் பொய் பேசுகிறவன் அல்ல. வெண்டலின் என் பக்கத்து வீட்டுக்காரன். நில அளவைத் துறையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன். அரை சென்டிமீட்டர் கூட்டிச் சொல்லவே அவனுக்கு நாக்குக் கூசும். இருந்தும் ஒவ்வொரு முறை அவன் இதைச் சொல்லி முடிக்கும்போதும் எனக்குள் ஏதோ நெருடும். குறை அவன் கதையிலா, எதையும் லேசில் நம்பாத என் புத்தியிலா என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டது உண்டு. எதற்கும் அவன் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன்.

வெண்டலினிடம் முப்பத்து நாலு வருடப் பழைய சிவப்புக் கார் ஒன்று இருந்தது. இரண்டே இருக்கை. மழை பெய்தால் உள்ளேயும் கொஞ்சம் பெய்யும். வருடத்தில் ஒருநாள், ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை, பழைய கார் சங்கம் மலைக்காட்டுக்குள் இருக்கும் பந்தயப் பாதையை வாடகைக்கு எடுக்கும். ஒரு சுற்று இருபது கிலோமீட்டர் எண்ணூறு மீட்டர். ஒரு காருக்குப் பத்துச் சுற்று. அந்தப் பத்துச் சுற்றுக்காகத்தான் மற்ற முன்னூற்று அறுபத்து நாலு நாளையும் அவன் பொறுத்துக்கொண்டிருந்தான்.

அதற்கு முந்தின வருடம் அவனை ஒரு குடும்ப வண்டி முந்திவிட்டது. பின்னால் குழந்தை இருக்கை மாட்டிய, கூரையில் சைக்கிள் கட்டுகிற கம்பி வைத்த வண்டி. ஓட்டியவன் ஒரு தாடிக்காரன். வெண்டலினுக்கு அது பெரிய மானப் பிரச்சினை ஆகிவிட்டது. காரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தன்னைக் குறை சொல்ல சுத்தமாக வரவில்லை. மிச்சம் இருந்தது டயர்தான். பன்னிரண்டு வருடப் பழசு, கல்லாக இறுகிப்போனது. மாற்றுவது என்று தீர்மானித்தான். அடுத்த ஏப்ரலில் அந்தத் தாடியை முந்தாவிட்டால் காரையே விற்றுவிடுவது என்றும் தீர்மானித்தான்.

டயரில் மூன்று ரகம். முதலாவது, மேலே பட்டன், வெட்டு எதுவுமே இல்லாத மொட்டை. ஊரில் மற்றவர்கள் ஓட்டி ஓட்டித்தான் டயரை மொட்டையாக்குகிறார்கள், அதற்கு அபராதமும் கட்டுகிறார்கள். இது பிறக்கும்போதே மொட்டை, விலையும் இரண்டு பங்கு. காய்ந்த பாதையில் பசை போல ஒட்டும். சாலையில் ஓட்டத் தடை. இரண்டாவது அரை மொட்டை. பேருக்கு நாலு கோடு இருக்கும். சாலையில் ஓட்டலாம், மழையில் மட்டும் கோபித்துக்கொள்ளும். மூன்றாவது பட்டன் நிறைந்த சாதாரண டயர். ஊரில் பாதி வண்டிகளில் இருப்பது.

வெண்டலின் மனசு அரை மொட்டையில் இருந்தது. பயம் அவன் மனைவி ரோஸ்விதாவிடம். அவள் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். இருபது வருடமாக அந்த மலை வளைவுகளில் ஒரு கீறல் விழாமல் ஓட்டுகிறாள். எதற்கும் 'வேண்டாம்' என்று அவள் சொன்னதே இல்லை. கேள்விதான் கேட்பாள். மூன்றாவது கேள்வியில் வெண்டலினே 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவான்.

இந்த முறை அவன் ஒரு தந்திரம் செய்தான். நேரே முழு மொட்டையைக் கேட்பது. அவள் பதறுவாள். பெரிய மனசு பண்ணி அரை மொட்டைக்கு இறங்கி வருவது.

ஏப்ரல் முதல் ஞாயிறு, காலை உணவில் ஆரம்பித்தான்.

"ரோஸ்விதா, காருக்கு மொட்டை டயர் வாங்கலாம்னு இருக்கேன். பட்டனே கிடையாது."

அவள் ரொட்டியில் பிளம் ஜாம் தடவிக்கொண்டிருந்தாள். "வாங்கிக்கோ."

"என்னது?"

"வாங்கிக்கோன்னேன். உனக்குன்னு என்னத்தப் பெருசா வாங்கிக்கறே, பாவம்."

"அத ரோட்டுல ஓட்டக் கூடாது. போலீஸ் பிடிக்கும்."

"என் தம்பிகிட்ட இழுவை வண்டி இருக்கு. காரை அதுல ஏத்திக் கட்டிக் கொண்டுபோ. நேத்தே சொல்லி வெச்சுட்டேன்."

"நேத்தா? நான் இன்னிக்குத்தானே சொல்றேன்!"

"பிப்ரவரியிலேர்ந்து தூக்கத்துல டயர் பேரா உளர்றே. ஒருநாள் என்னைக் கட்டிப் பிடிச்சு, 'என்ன பிடி, என்ன பிடி'ன்னே. எனக்குன்னு நெனச்சு சந்தோஷப்பட்டுட்டேன்."

வெண்டலின் காபியை ஒரு மடக்குக் குடித்தான். "அது சூடானாத்தான் ஒட்டும். அதுக்குன்னு மின்சாரப் போர்வை எல்லாம் வாங்கணும்."

"கீழ வேர்வைக் குளியல் அறை, அந்த சானா, சும்மாத்தானே கிடக்கு? நாலையும் பெஞ்சுல உக்கார வெய்யி. அடியில துண்டு விரிக்க மறந்துடாதே."

"மத்த நாள்ல இருட்டா, குளிர்ச்சியா ஒரு இடத்துல வெக்கணுமே!"

"உன் பீர் அறை இருக்கே. பீரையெல்லாம் எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிடலாம்."

அந்த இடத்தில் வெண்டலின் உடைந்தான்.

"இல்ல ரோஸ்விதா, யோசிச்சுப் பாத்தா அரை மொட்டையே போதும்."

"சேச்சே! எனக்காக விட்டுக்கொடுக்காதே."

"உனக்காக இல்ல."

"பாரு, சொல்லும்போதே குரல் கம்முது. அது என்ன அரை? மழை பெஞ்சா பிடிக்குமா?"

"அவ்வளவாப் பிடிக்காது."

"ஏப்ரல்ல நம்ம ஊர்ல என்ன பெய்யும்?"

வெண்டலின் ஜன்னலைப் பார்த்தான். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது.

"அதான் சொல்றேன். செஞ்சா முழுசா செய். ஆம்பள மாதிரி மொட்டையே வாங்கு," என்றாள் ரோஸ்விதா.

அடுத்த அரை மணி நேரம் அவன் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து, சாதாரண பட்டன் டயரின் பெருமைகளை அவளுக்கு எடுத்துச் சொன்னான். மழையில் பிடிக்கும். சாலையில் ஓட்டலாம். சானா வேண்டாம். அவள் லேசில் மசியவில்லை. மொட்டைக்காக வாதாடினாள். தம்பி மனசு புண்படும் என்றாள். கடைசியில் பெருமூச்சு விட்டாள்.

"சரி, உன் இஷ்டம். ஆனா நான்தான் தடுத்தேன்னு ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரியாதே."

வாழ்க்கையில் முதல்முறையாக அவளிடம் வாதாடி ஜெயித்த சந்தோஷத்தில் அவனுக்கு அன்று இரண்டு ரொட்டி அதிகமாக இறங்கியது.

டயர் மாட்ட நேரம் குறித்தவள் ரோஸ்விதா. ஏப்ரலில் ஊரே குளிர்கால டயரைக் கழற்றிக் கோடைகால டயரை மாட்டும். ஹூபர்ட்டின் கடையில் அப்போது நிற்க இடம் இருக்காது. அவள் போன் செய்து கேட்டதற்கு ஒரே ஒரு நேரம்தான் காலியாக இருந்ததாம். பந்தயப் பாதை நாள், காலை ஏழு மணி.

"அதுக்கு முன்னாடி எதுவுமே இல்லியா?" என்றான் வெண்டலின்.

"கடை அந்தப் பாதையோட வாசலுக்கு எதிர்லதானே இருக்கு? மாட்டின உடனே உள்ள போயிடலாம். உனக்கு வசதி," என்றாள்.

சனிக்கிழமை வந்தது. பனி போய் வெயில் அடித்தது. ஹூபர்ட் நாலு டயரையும் மாட்டிவிட்டு, முத்திரை குத்திய ஒரு தாளை நீட்டினான்.

"வெண்டலின், புது டயர் மேல மெழுகாட்டம் ஒரு பூச்சு இருக்கும். முதல் இருநூறு கிலோமீட்டர் நிதானமா ஓட்டணும். விரட்டாதே. வளைவுல முறுக்காதே. தாள்ல போட்டிருக்கு."

"இருநூறா? பாதையே எதிர்லதானே இருக்கு!"

"நான் என்ன பண்ண? தாள்ல போட்டிருக்கு."

வேறு ஆளாக இருந்தால் தாளைக் கசக்கிப் போட்டிருப்பான். வெண்டலின், காக்காய் கூட இல்லாத தெருவில் சிவப்பு விளக்குக்கு நிற்கிறவன். அச்சடித்த தாள், அதிலும் முத்திரை. அவன் முகம் வாடிவிட்டது.

ரோஸ்விதா அவன் தோளைத் தட்டினாள். "இதுக்கா மூஞ்சத் தொங்கப் போடறே? நிதானமா ஓட்டறது என் பொழப்பு. அந்தச் சலிப்புப் பிடிச்ச வேலையை நான் பாத்துக்கறேன். வேகமா ஓட்டறதெல்லாம் உனக்கு."

அவள் பையிலிருந்து ஒரு நீலத் தலைக்கவசத்தை எடுத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

"இத எப்ப வாங்கினே?"

"பிப்ரவரியில. தள்ளுபடி போட்டிருந்தான்."

சங்கத்தின் பதிவுப் படிவத்தில் ஓட்டுநர் என்ற இடத்தில் இரண்டு பெயர் எழுதியிருந்தது. இரண்டும் அவள் கையெழுத்து.

இதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்லும்போது வெண்டலினின் முகமே வேறு மாதிரி ஆகிவிடும். என்ன பிடி, என்ன பிடி என்பான். இந்த வளைவில் சறுக்கவில்லை, அந்த இறக்கத்தில் ஆடவில்லை. மேட்டில் ஒருவன் அடுப்பு வைத்துத் தொத்திறைச்சி வாட்டிக்கொண்டிருந்தான், மொத்தம் ஆறு, ஒன்று கருகிவிட்டது. மரங்களுக்கு நடுவே சர்ச் கோபுரம் தெரிந்தது, கடிகாரம் நாலு நிமிடம் பின்தங்கி ஓடியது. கடைசிச் சுற்றின் கடைசி இறக்கத்தில் அந்தக் குடும்ப வண்டி.

"முந்தினோம்பா! இடது பக்கமா சர்ருன்னு ஏறி முந்தினோம். அந்தத் தாடிக்காரன் ஒரு கை தூரத்துல இருந்தான். தாடியில கேக் துணுக்கு ஒட்டியிருந்தது. நான் ரெண்டு கையையும் ஆட்டினேன்."

ஆறு வருடம் கேட்டுவிட்டு ஆறு வருடமும் தலையாட்டினேன். போன வாரம் நானும் அவனும் வேலியோரச் செடியை வெட்டிக்கொண்டிருந்தபோது மறுபடியும் ஆரம்பித்தான். தொத்திறைச்சி, கோபுரம், தாடி, இரண்டு கை. எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. கத்தரியைக் கீழே வைத்தேன்.

"வெண்டலின், தாள்ல போட்டிருந்தது இருநூறு கிலோமீட்டர். பத்துச் சுத்தும் சேந்து இருநூத்தி எட்டு. அந்த மிச்ச எட்டையாவது உன் கையில குடுத்தாளா?"