கயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் வழி கிடையாது

தடா பக்கத்து ஏரியில் மீன் குறைந்துபோனதற்குக் காரணம் டவுட்டண்ணாதான் என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். அவர் முறைக்கிற முறைப்புக்குப் பயந்து அத்தனையும் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் குடிபோயிருக்க வேண்டும். அவருடைய உண்மையான பெயர் ஆதார் கார்டில் இருக்கிறது. "போட்டோவே என்னுது மாதிரி இல்ல, பேரு மட்டும் எப்படி கரெக்டா இருக்கும்?" என்பார்.

திருப்பதியில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, வேலைக்கான மெயிலை எதிர்பார்த்து வரதய்யபாளையத்து வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், ஏரியில் சுற்றுலாப் படகு ஓட்டப் போனேன். ஓனரிடம் இரண்டு படகுகள். ஒன்றை டவுட்டண்ணா ஓட்டினார், இன்னொன்று எனக்கு. நான் கரையில் கட்டிவிட்டு வரும் படகை அவர் தினமும் அவிழ்த்து மறுபடி கட்டுவார்.

"பி.டெக். முடிச்சுபா இது. காத்தடிச்சா சர்டிபிகேட்டு மாதிரி பறந்துடும்."

எங்கள் ஏரியில் ஆழம் கிடையாது. துறைக்கு வர ஒரே ஒரு கால்வாய்தான். அதில் ஒரு நேரத்தில் ஒரு படகுதான் போகும். பழுதான படகைக் கயிறு கட்டி இழுத்து வருகிறவனுக்கு மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது வழக்கம். நல்ல வழக்கம் கிடைத்தால் நம் ஆட்கள் விடுவார்களா? கரையில் மீனுக்கான ஐஸ் வண்டி வந்து நிற்கிற நேரமாகப் பார்த்து, நன்றாக ஓடுகிற படகையே வாலில் கட்டிக்கொண்டு, திருமலை சன்னதி போல "ஜரகண்டி, ஜரகண்டி! எஞ்சின் போச்சு!" என்று கூவியபடி முதல் ஆளாக உள்ளே போய்விடுவார்கள்.

ஒருநாள் போனில் கடல் சட்டத்தைப் படித்துவிட்டு ஓடிவந்தேன். "அண்ணா, மோட்டர் படகு இன்னொண்ண இழுத்துக்கினு வருதுன்றதுக்காவ மட்டும் வழி உட வேணாமாம். இழுக்கிற பாரத்துல திரும்பவே முடியலன்னாதான் மத்தவங்க ஒதுங்கணுமாம்!"

அவர் கண் மின்னியது. "திரும்ப முடியுமா முடியாதான்னு எவன் பாக்கறது?"

அது நான் படித்த பக்கத்தில் இல்லை. அந்தப் பதவியை அவரே எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து, சுற்றுலாப் பயணிகள் உள்ளே உட்கார்ந்திருக்க, கால்வாய் வாயில் படகைக் குறுக்கே போட்டுச் சோதனை ஆரம்பமானது. கயிறு தொய்ந்திருந்தால் வேஷம், விறைத்திருந்தால் நிஜம். அடுத்தது எஞ்சினில் கை வைப்பது. முதலில் மாட்டியவர் மீன்பிடிக்கிற முனெய்யா.

"இன்னா முனெய்யா, செத்துப்போன எஞ்சின் தோசக்கல்லு மாதிரி சுடுது?"

"வெயிலுண்ணா!"

"வெயில்ல பொகையும் வருமா?"

நிஜமாகப் பழுதானவர்களும் தப்பவில்லை. எஞ்சின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டு தவித்த ஒருவரிடம், "தானா சுத்திச்சா, நீயே சுத்தினியா?" என்று கேட்டார்.

தாமதம், தாமதம் என்று பயணிகளின் புகார் குவிந்தது. ஓனர் கடைசியாகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு வாட்டி லேட்டா வந்தியோ, சாவிய குடுத்துட்டுப் போய்க்கினே இரு." படகைத் தவிர டவுட்டண்ணாவுக்கு வேறு வேலை தெரியாது. வேறு வேலை யாராவது கொடுத்தாலும் நம்பமாட்டார்.

அடுத்த வாரமே, திருப்பதியில் மொட்டை போட்டுவிட்டு வந்த ஒரு குடும்பத்தோடு நடு ஏரியில் அவருடைய எஞ்சின் நின்றது. நான் போய்க் கயிறு கட்டி இழுத்தேன். பக்கக் காற்று, கொஞ்சம் திருப்பினாலும் பின்னால் வரும் படகு சேற்றில் ஏறிவிடும். கால்வாய் வாயில் மீன்படகுகள் அடைத்துக்கொண்டு நின்றன.

"வழி உடுங்க! எஞ்சின் போச்சு!" என்று கத்தினேன்.

ஏரியே சிரித்தது. "கயிற தொட்டுப் பாக்காம வழி கெடையாதுன்னு உங்க அண்ணன்தான சொன்னாரு?" என்றார் முனெய்யா.

ஒவ்வொரு படகாக அருகே வந்தது. ஒருவர் கயிற்றை இழுத்தார். ஒருவர் முடிச்சை ஆட்டினார். ஒருவர் டீசல் டேங்கைத் திறந்து மோந்தே பார்த்தார். மொட்டைத் தலைகள் பலமனேர் தக்காளியாகச் சிவந்தன. "ஏம்பா, சாமி பாக்க நின்ன க்யூவே தேவலாம் போலருக்கே!" என்றார் குடும்பத்துப் பெரியவர்.

நான் கொதித்தேன். டவுட்டண்ணாவோ மாப்பிள்ளை அழைப்பில் மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தார். "நல்லாத்தான் செக் பண்றானுங்க. ஏய், அந்தப் பக்கமும் கைய வெச்சிப் பாரு!"

கரையில் ஓனர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். "கத உடாத. எவனையாவது மடக்கி சோதன போட்டுக்கினு இருந்திருப்ப. சாவிய குடு."

டவுட்டண்ணா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். ஓனர் கையில் வைக்கப் போனார்.

"ஓனரே, எஞ்சின் நெசமாவே செத்துப்போச்சு," என்று பின்னாலிருந்து முனெய்யாவின் குரல். "நானே தொட்டுப் பாத்தேன், சில்லுனு இருந்துச்சு."

"நானும் பாத்தேன்!" "டேங்க மோந்து பாத்தவன் நானு!" என்று துறை முழுக்கக் குரல்கள். அத்தனை சாட்சி எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது. ஓனர் நீட்டிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் இழுவைக் கயிற்றை அவிழ்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு அந்த முடிச்சை ஏரியில் இருந்த அத்தனை பேரும் இழுத்துப் பார்த்தார்கள். டவுட்டண்ணா மட்டும் தொடவே இல்லை.

"ஏண்ணா, என் முடிச்ச இன்னிக்கி அவுத்துக் கட்டவே இல்லியே?"

அவர் தண்ணீர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வெயிலுபா. கண்ணு கூசிச்சி, தெரியல."

அதை மட்டும் நான் இன்றுவரை நம்பவில்லை.